கால்களைக் காணிக்கை கேட்டாரா கடவுள்?

ஆண்டுதோறும் ஆகஸ்டு 29ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடியேறுகிறது. அதற்குப் பல நாள்கள் முன்பாகவே காவியுடை தரித்த திருப்பயணிகள் தமிழகத்தின் நெடுஞ்சாலைகளில் நடக்கத் தொடங்கிவிடுகின்றனர். கையில் செபமாலை, நாவில் 'மரியே வாழ்க', தோளில் ஒரு துணிமூட்டை. பலருடைய கால்களில் செருப்பு இருப்பதில்லை. இந்தக் காட்சியைக் கண்டு உள்ளம் உருகாத கத்தோலிக்கர் நம்மிடையே எவரும் இரார். நாமும் நடந்திருக்கிறோம், நடந்து வந்தோருக்கு மோர் வார்த்திருக்கிறோம், அவர்களுடைய களைத்த முகங்களில் ஆண்டவரின் முகத்தைக் கண்டிருக்கிறோம்.

நமக்கு நன்கு அறிமுகமான உபதேசியார் ஒருவரும் இவ்வாறே நடந்தார். முப்பது ஆண்டுகள் பங்கில் மறைக்கல்வி புகட்டியவர். பத்தாண்டுகளுக்கு மேலாக அவருக்கு நீரிழிவு நோய் இருந்தது. "மாதாவைப் பார்க்கப் போகிறவனுக்கு மாத்திரை எதற்கு?" என்று சிரித்துக்கொண்டே மருந்துப் பையை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்பட்டார். நண்பகல் வெயிலில் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்தார். உள்ளங்காலில் கொப்புளம் எழுந்ததும், அது உடைந்ததும், உடைந்த இடத்தில் சரளைக்கல் ஒன்று பதிந்துகொண்டதும் அவருக்குத் தெரியவில்லை. வலிக்கவில்லை என்பதையே அன்னையின் அருளடையாளமாகக் கொண்டு மகிழ்ந்தார். வீடு திரும்பிய மூன்றாம் வாரம் அவருடைய வலக்கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது.

அவரைக் காண மருத்துவமனைக்குச் சென்ற நம்முள் ஒருவர், "மாதாவுக்காகக் காலையே கொடுத்துவிட்டார்" என்று கண்கலங்கிக் கூறினார். சூழ நின்ற நாம் அனைவரும் தலையசைத்தோம். கட்டிலருகே நின்றிருந்த அவருடைய மனைவி மட்டும் தலையசைக்கவில்லை. "மாதா கேட்கவில்லையே, ஐயா" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்கு அன்று நம்மிடம் விடை இல்லை. இந்தக் கட்டுரை அதற்கான விடையைத் தேடும் முயற்சி. திருப்பயணத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. உடலைப் புறக்கணிப்பதே பக்தி என்று நம்மிடையே ஆழ வேரூன்றிவிட்ட ஓர் எண்ணத்தை எதிர்த்தே எழுதுகிறோம். அந்த எண்ணம் கிறித்தவ எண்ணமன்று. விசுவாசத்தின் பெயரால் அது நம் மக்களின் கண்களையும் கால்களையும் சிறுநீரகங்களையும் பறித்துக்கொண்டிருக்கிறது.

வலி இல்லை என்னும் ஆபத்து

முதலில் உபதேசியாரின் காலுக்கு நேர்ந்தது என்ன என்பதை அறிந்துகொள்வோம். நம் உடலின் நரம்புகளுள் மிக நீண்டவை கால்விரல்களை எட்டுகின்றன. இரத்தத்தில் சர்க்கரை பல்லாண்டுகள் கட்டுக்கடங்காமல் மிகுந்திருக்குமாயின், பெரும்பாலும் அந்த நீண்ட நரம்புகளே முதலில் பழுதுறுகின்றன. எரிச்சல் தோன்றும், பின்னர் மரத்துப்போகும், இறுதியில் உணர்வே அற்றுப்போகும். அதே காலத்தில் பாதங்களுக்குக் குருதி கொண்டுசெல்லும் நாளங்களும் குறுகுகின்றன. ஆகவே காயம் பட்டது தெரிவதில்லை; பட்ட காயம் எளிதில் ஆறுவதும் இல்லை. கிருமிகள் புகுந்து, புண் எலும்பை எட்டிய பின்னரே பலர் மருத்துவரிடம் செல்கின்றனர். உபதேசியார் அருளடையாளம் என்று எண்ணியது உண்மையில் நோயின் அடையாளம்.

இந்த உண்மையை உலகுக்கு உணர்த்தியதில் தமிழ் மண்ணுக்கும் பங்குண்டு. கொல்லிமலையில் மறைப்பணியாளர் குடும்பம் ஒன்றில் 1914இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்டு, 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமாகவே அழுகி விழுகின்றன என்று பரவலாக நம்பப்பட்ட காலம் அது. நோயாளரை அருகிருந்து கவனித்த அவர் வேறொன்றைக் கண்டார். நோய் வலியுணர்வைக் கொன்றுவிடுகிறது. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தையும் கூரிய ஆணியையும் அறியாமல் அவர்கள் தம் கைகால்களைத் தாமே சிதைத்துக்கொள்கின்றனர். அத்தகைய பாதங்களுக்கென மெத்தென்ற ரப்பர்ச் செருப்புகள் உருவாக அவரும் அவருடைய தோழர்களும் உழைத்தனர். 1966இல் அமெரிக்காவுக்குச் சென்ற பின், அதே அறிவை நீரிழிவு நோயாளரின் பாதங்களைக் காப்பதற்குப் பயன்படுத்தினார். அவர் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் வலியைக் கடவுளின் கொடை என்று அவர் போற்றியபோது, வெறுங்காலோடு நடப்பதையே தவம் என்று போற்றும் நம்மைக் காட்டிலும் ஆழமான இறையியலைப் பேசினார் என்றே சொல்வோம்.

இது யாரோ சிலருடைய கதையன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நிகழ்ந்து 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவு நோயுடையோர் 10 கோடியே 10 இலட்சம் பேர் என மதிப்பிட்டது. நோயின் வாயிற்படியில் நிற்போர் மேலும் 13 கோடிக்கு மேல். ஞாயிறு திருப்பலியில் நமக்கு முன்னும் பின்னும் அமர்ந்திருப்போரில் எத்தனை பேர் இந்தக் கணக்கினுள் இருப்பர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆலய முகட்டிலிருந்து குதிப்போர்

செபக் கூட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் சாட்சியம் ஒன்று உண்டு. "செபித்தார்கள், நம்பினேன், மாத்திரைகளைக் குப்பையில் எறிந்தேன், இன்றுவரை ஆண்டவர் காப்பாற்றி வருகிறார்" என்று ஒருவர் மேடையில் நின்று முழங்குகிறார். மண்டபம் கைதட்டி ஆர்ப்பரிக்கிறது. சரி, ஓராண்டு கழித்து அவர் எங்கே? டயாலிசிஸ் கட்டிலில் கிடப்பவரை எவரும் மேடைக்கு அழைத்துச் சாட்சியம் சொல்லக் கேட்பதில்லை. கைதட்டிய நாம் அவரை மறந்துவிடுகிறோம். நினைவுகூர்ந்தாலும், "அவருக்கு விசுவாசம் போதவில்லை" என்று ஒரு கல்லையும் அவர் தலைமேல் ஏற்றிவைக்கிறோம்.

இப்படிப்பட்ட 'விசுவாசம்' விவிலியத்திலும் ஓரிடத்தில் வருகிறது. அதைப் பேசுகிறவன் அலகை. எருசலேம் ஆலயத்தின் உச்சியில் ஆண்டவரை நிறுத்தி, வானதூதர் தாங்கிக்கொள்வர் என்று மறைநூலையே சான்றுகாட்டி, கீழே குதிக்கச் சொன்னவன் அவன். ஆண்டவர் குதிக்கவில்லை. கடவுளைச் சோதித்தலாகாது என்று மறுத்துவிட்டார். படி இருக்கும்போது முகட்டிலிருந்து குதிப்பது விசுவாசமன்று, சோதித்தல். மருந்து கையில் இருக்க அதைக் குப்பையில் எறிவதும் அதுவே.

ஆண்டவர் குணமளித்த விதத்தை இன்னும் கூர்ந்து நோக்குவோம். மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் தொழுநோயாளர் ஒருவரைத் தொட்டுக் குணமாக்குகிறார். உடனே என்ன செய்கிறார்? குருவிடம் சென்று தம்மைக் காட்டுமாறு அனுப்புகிறார். அக்காலத்தில் தொழுநோய் நீங்கியதா என ஆய்ந்து உறுதி செய்யும் பொறுப்பு குருவினுடையது. இறைமகனே தாம் அளித்த குணத்தைச் சரிபார்க்க அனுப்பினார் என்றால், நம் செபக்குழுக்கள் அளித்ததாகச் சொல்லும் குணத்தை இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பக் கூசுவானேன்? அதே நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் யாயிரின் மகளை உயிரோடு எழுப்பியவர், அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி பெற்றோரிடம் சொல்கிறார். சாவிலிருந்து மீட்ட கையோடு அவளுடைய பசியை நினைத்தவர் அவர். உடலை அற்பமென்று எண்ணியவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

நம் திருச்சபையும் இதில் தன் ஆண்டவரையே பின்பற்றுகிறது. லூர்து நகரில் அன்னை 1858இல் காட்சியளித்தார். அங்கு நிகழ்வதாகக் கூறப்படும் குணங்களை ஆராய்வதற்கென்று 1883 முதல் மருத்துவப் பணியகம் ஒன்று இயங்கி வருகிறது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட குணங்கள் அங்கே பதிவாகியுள்ளன. ஆயினும் திருச்சபை 70ஆவது புதுமையை அறிவித்தது 2018இல்தான். புதுமைகளை நம்பாததால் வந்த தாமதமன்று இது. புதுமையை மதிப்பதாலேயே அதைப் பொய்யினின்று பிரித்துக் காக்கிறது திருச்சபை. ஆனால் நம் ஊர்ப் பந்தலில் அரைமணி நேரத்தில் முப்பது குணங்களை அறிவித்துவிடுகிறோம்.

மருந்தை மறுப்போர் நம் விவிலியத்தையே மறுக்கின்றனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். சீராக்கின் ஞானம் நம் மறைநூலின் பகுதி. அதன் 38ஆம் அதிகாரம் மருத்துவரை ஆண்டவரே படைத்தார் என்றும், மருந்துகளை நிலத்தினின்று விளைவிக்கிறவர் அவரே என்றும் போதிக்கிறது. நோயுற்றவர் செபிக்க வேண்டும், பாவத்தை விட்டு விலக வேண்டும், காணிக்கை செலுத்த வேண்டும், அதன்பின் மருத்துவருக்கும் இடம் தர வேண்டும் என்று வரிசைப்படுத்துகிறது. செபமா மருந்தா என்று நாம் எழுப்பும் கேள்வியே மறைநூலுக்கு அந்நியமானது.

எண்ணிப் பாருங்கள். இன்சுலின் கண்டறியப்படுவதற்கு முன், சிறுவயதில் நீரிழிவு கண்ட பிள்ளைகள் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ மெலிந்து மடிந்தனர். எத்தனை தாய்மார்கள் எத்தனை மொழிகளில் மண்டியிட்டு மன்றாடியிருப்பர்! 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலில் இன்சுலின் செலுத்தப்பட்டது. சாவின் விளிம்பில் கிடந்தவன் பிழைத்து மேலும் பல ஆண்டுகள் வாழ்ந்தான். தலைமுறை தலைமுறையாக எழுந்த மன்றாட்டுக்குக் கடவுள் தந்த மறுமொழி என்று அதைச் சொன்னால் தவறாகுமா? கேட்டுப் பெற்ற மறுமொழியைக் குப்பையில் எறிவதா நன்றியுணர்வு?

வெறும்வயிறும் நற்கருணையும்

மேடையில் முழங்காத, அமைதியான புறக்கணிப்பு ஒன்றும் நம் இல்லங்களில் நடந்துவருகிறது. காலைத் திருப்பலிக்குச் செல்லும் நம் பாட்டிமார் பலர், நன்மை வாங்கும் முன் மாத்திரை போட்டால் ஒருசந்தி முறிந்துவிடும் என்று இன்றும் எண்ணுகின்றனர். இரவு உண்டது, மறுநாள் திருவிழாப் பாடற்பூசை முடியும்வரை ஒரு மிடறு நீரும் இல்லை. மயங்கிச் சரிந்த பின்னர் விசிறிக்கொண்டு ஓடுகிறோம்.

நற்கருணை நோன்பு நள்ளிரவிலிருந்து தொடங்கிய காலம் ஒன்று இருந்தது. 1953இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், நீர் அருந்துவது நோன்பை முறிக்காது என்று அறிவித்தார். 1957இல் நோன்பு மூன்று மணி நேரமாயிற்று. 1964இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதை ஒரு மணி நேரமாக்கினார். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, எண் 919இல், நீரும் மருந்தும் அந்த ஒரு மணி நேரத்துக்குக்கூட இடையூறல்ல என்று தெளிவாக்குகிறது. முதியோரும் நோயுற்றோரும் அவர்களைப் பேணுவோரும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் எதையேனும் உட்கொண்டிருந்தாலும் நற்கருணை உட்கொள்ளலாம் என்றும் அது கூறுகிறது. பேணுவோரையும் சேர்த்துக்கொண்ட அந்தப் பரிவைக் கவனியுங்கள். தாயன்பு மிக்க இந்தச் சட்டம் நம் பாட்டிமாரின் செவிக்கு ஏன் இன்னும் எட்டவில்லை? நாம் சொல்லவில்லை, அதனால் எட்டவில்லை.

தவக்கால நோன்பும் அப்படித்தான். அதே சட்டத் தொகுப்பின் எண் 1252, நோன்பின் கடமையை வயதுவந்தோருக்குத் தொடங்கி 60ஆம் வயதின் தொடக்கத்தோடு முடித்துவிடுகிறது. நோயாளரை நோன்பு கட்டுப்படுத்தாது என்பது திருச்சபையின் நெடுங்கால மரபு. இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு உண்ணாமலிருப்பவருக்கு இரத்தச் சர்க்கரை திடீரெனச் சரியும். வியர்க்கும், நடுங்கும், நினைவு தப்பும், உயிருக்கே கேடு வரும். மருத்துவரைக் கேளாமல் அவர் நோன்பிருப்பது திருச்சபை கேளாத ஒன்றைத் தம் விருப்பப்படி கொடுப்பதாகும். தம் விருப்பத்தை விட்டுக்கொடுப்பதே நோன்பின் உள்ளுறை என்றால், மருத்துவர் சொன்ன வேளையில் சொன்ன அளவில் உண்பதும், பந்தியில் இனிப்பை மறுப்பதும், நாள் தவறாமல் நடப்பதும் ஆண்டு முழுவதும் நீளும் நோன்பல்லவா? நாற்பது நாள் புலால் மறுத்துவிட்டு உயிர்ப்பு ஞாயிறன்று வயிறு புடைக்க உண்பதைக் காட்டிலும் அது கடினமானது. யாருக்கும் தெரியாமல் செய்யப்படுவதால் நற்செய்திக்கு நெருக்கமானதும்கூட.

சிலுவை எது?

"இது ஆண்டவர் தந்த சிலுவை, சுமந்துதான் ஆகவேண்டும்" என்பது நாம் சந்திக்கும் மற்றொரு மறுப்பு. துன்பத்துக்கு மீட்பளிக்கும் ஆற்றல் உண்டு என்பதை நாமும் விசுவசிக்கிறோம். ஆனால் தவிர்க்க இயலாத துன்பத்தை அன்போடு ஏற்பது வேறு; தவிர்க்கக்கூடிய துன்பத்தைச் சோம்பலால் வரவழைத்துக்கொண்டு அதற்குச் சிலுவை என்று பெயரிடுவது வேறு. முன்னது கல்வாரி. பின்னதை வெறும் கவனக்குறைவு என்றே சொல்ல வேண்டும். துன்பத்தின் கிறித்தவப் பொருளைப் பற்றித் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984இல் ஒரு திருத்தூது மடல் எழுதினார். அது நல்ல சமாரியர் உவமையைத் தியானித்தே தன் முடிவை நெருங்குகிறது. அடிபட்டுக் கிடந்தவரிடம், 'உம் சிலுவையைச் சுமந்துகொள்ளும்' என்று அறிவுரை கூறிவிட்டு அந்தச் சமாரியர் போய்விடவில்லை. எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் காயத்தைக் கட்டினார். சாவடியில் சேர்த்துச் செலவையும் ஏற்றார்.

புனிதர்கள் உடலை ஒறுத்தார்களே என்று கேட்போரும் உண்டு. உண்மைதான். அந்தப் புனிதர்கள் பின்னாளில் சொன்னவற்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். அசிசி நகர்ப் புனித பிரான்சிசு தம் உடலைக் கழுதை என்று அழைத்து வாட்டினார். வாழ்வின் இறுதியில் அந்த உடலிடமே மன்னிப்புக் கோரினார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. லொயோலா இஞ்ஞாசியார் 1522இல் மன்ரேசாவில் மேற்கொண்ட கடுந்தவத்தால் தம் உடல்நலத்தைக் கெடுத்துக்கொண்டார். அந்தப் பாடத்தை அவர் மறக்கவில்லை. 1548இல், அப்போது கோமகனாக இருந்த புனித பிரான்சிசு போர்ஜியாவுக்கு எழுதிய மடலில், நோன்பையும் ஒறுத்தலையும் குறைத்து உடலுக்கு வலுவூட்டுமாறு அறிவுறுத்தினார். ஆன்மாவோடு உடலும் படைத்தவருக்கே உரியது, அதற்கும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர் காட்டிய காரணம். கணக்குக் கொடுக்க வேண்டியவர் உடைமையாளர் அல்லர், பொறுப்பாளர். உடல் தூய ஆவியின் கோவில், நாம் நமக்கு உரியவர்கள் அல்லர் என்று பவுலடிகளார் கொரிந்தியருக்கு எழுதியதன் பொருளும் இதுவே. பங்குக் கோவிலின் கூரை ஒழுகினால் உடனே வசூலில் இறங்கும் நாம், இந்தக் கோவில் இடிந்துவிழுவதைப் பார்த்து 'இறைத்திட்டம்' என்கிறோம்.

இரண்டு மறுப்புகள்

"அப்படியானால் உடலையே கடவுளாக்கச் சொல்கிறீர்களா?" என்று நம்மைக் கேட்கக்கூடும். இல்லை. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு இதற்கு நேரிய விடை தருகிறது. உயிரும் உடல்நலமும் கடவுள் நம்மிடம் ஒப்படைத்த அரிய கொடைகள், அவற்றைத் தக்கவாறு பேண வேண்டும் என்று எண் 2288இல் கூறிவிட்டு, உடலை வழிபடும் போக்கை அடுத்த எண்ணிலேயே கண்டிக்கிறது. உணவிலும் மதுவிலும் புகையிலையிலும் மருந்திலும் மிகையைத் தவிர்க்கும் அளவுடைமையை அதற்கடுத்த எண் வலியுறுத்துகிறது. கண்ணாடி முன் நின்று தன் தோள்களை வியப்பவனும், மாத்திரையை எறிந்துவிட்டுத் தன் விசுவாசத்தை வியப்பவனும் ஒரே தவற்றைத்தான் செய்கின்றனர். இருவருமே உடலைக் கடவுளுக்கு உரியதாகக் கருதவில்லை.

"ஏழைகளிடம் போய் இதையெல்லாம் சொல்ல முடியுமா?" என்பது இரண்டாம் மறுப்பு. இதை நாம் எளிதில் தள்ளிவிட மாட்டோம். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சிய சோற்றைக் கடைசியாக உண்ணும் தாயிடம் உணவு முறையைப் பற்றிப் பேசுவது எளிதன்று. மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தன் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடும் தந்தையும் நம்மிடையே இருக்கிறார். ஆனால் அவர்களுக்கு வழியே இல்லை என்பதும் உண்மையன்று. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்து விலையின்றிக் கிடைக்கிறது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிவைத்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் அம்மருந்துகளை வீட்டு வாசலுக்கே கொண்டுசெல்ல வந்தது. வாசலுக்கு வந்த மாத்திரையைச் செபத்தின் பெயரால் திருப்பி அனுப்புவோர் இருப்பின், அந்தப் பழி வறுமையைச் சேராது. நம் போதனையையே சேரும். மேலும், தாய் கடைசியாக உண்பதைத் தியாகம் என்று அன்னையர் நாளில் பாடிப் புகழ்கிறோமே, அவரை முதலில் உட்காரவைத்துப் பரிமாற நம்மில் எத்தனை பேர் எழுந்திருக்கிறோம்?

பங்குகள் செய்யக்கூடியவை

திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரம், மருத்துவம் நான்கு பகுதிகளைக் கொண்டது என்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைசெய்பவர். முதல் மூன்றும் இருந்தும் நம் மக்கள் கால் இழக்கிறார்கள் என்றால், குறைபடுவது நான்காவது. அந்த இடத்தில் நிற்க வேண்டியவர்கள் நாம்.

அன்பியக் கூட்டங்களில் விவிலியம் வாசித்துப் பகிர்கிறோம். மாதம் ஒருமுறை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஒரு செவிலியரை அழைத்தால் என்ன? நம் பங்குகளில் செவிலியர்களுக்குப் பஞ்சமில்லை. மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் நோயாளர் இல்லங்களைச் சந்திக்கின்றனர். செபம் முடிந்ததும், 'மாத்திரை இருக்கிறதா? தீர்ந்துவிட்டதா?' என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். செபக் கூட்டம் நடத்துவோர் ஒவ்வொரு முறையும் மேடையிலிருந்தே அறிவிக்கட்டும்: குணம் பெற்றதாக உணர்வோர் மருத்துவரைக் கண்டு சோதித்தறியும் வரை ஒரு மாத்திரையையும் நிறுத்தலாகாது. அவ்வாறு அறிவிக்க மறுக்கும் கூட்டங்களுக்குப் பங்கின் மண்டபத்தைத் தருவதைப் பற்றிப் பங்குப் பேரவைகள் சிந்திக்கட்டும். ஆண்டுதோறும் பிப்ரவரி 11ஆம் நாளை அனைத்துலக நோயாளர் நாளாகத் திருச்சபை 1993 முதல் கொண்டாடி வருகிறது. அந்நாளில் நோயாளருக்கு ஆசி வழங்கி, பழப்பொட்டலம் கொடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை.

திருப்பயணங்களுக்கு வருவோம். நீரிழிவு உடையோர் செருப்பணிந்து நடக்கட்டும். அதைக் குறைவுள்ள பக்தியாக எவரும் பார்க்க வேண்டாம். பாதங்களில் உணர்வு குன்றியவர்கள் பேருந்தில் சென்று, சேர்ந்த இடத்தில் செபமாலை சொல்லட்டும். வழியெங்கும் மோர்ப் பந்தல் அமைக்கும் நாம், பாதங்களைப் பார்த்துக் கழுவி மருந்திடும் பந்தல் ஒன்றையும் அமைப்போம். பெரிய வியாழனன்று ஆண்டுக்கொரு முறை பன்னிரண்டு பேரின் பாதங்கள் நம் கோவில்களில் கழுவப்படுகின்றன. ஆண்டவர் செய்யச் சொன்னதை அதைவிடப் பொருளோடு செய்ய வேறு இடம் தேட வேண்டியதில்லை.

வேளாங்கண்ணி மரபு நமக்குச் சொல்லும் நிகழ்ச்சிகளுள் ஒன்றை நாம் எல்லாரும் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். மோர் விற்ற ஏழைச் சிறுவன். பிறவியிலேயே நடக்க இயலாதவன். அன்னை அவனிடம் மோர் கேட்டுப் பெற்றார். பின் எழுந்து நாகப்பட்டினத்துக்குச் செல்லுமாறு பணித்தார். அவன் எழுந்து ஓடினான். அன்னையின் கெபிகளிலும் பீடங்களிலும் இந்த வரலாற்றைச் சித்திரமாகத் தீட்டி வைத்திருக்கிறோம். முடவனுக்குக் கால் கொடுத்த தாய் அவர். பிள்ளைகளின் காலைக் கேட்பவராக அவரை மாற்றியவர்கள் நாமே.

உபதேசியார் இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பை அமர்ந்தபடியே எடுக்கிறார். வகுப்பு முடிவில் பிள்ளைகளுக்கு அவர் தரும் வீட்டுவேலை எந்த மறைக்கல்விப் பாடநூலிலும் இல்லாதது. அன்றிரவு தாத்தா பாட்டியின் உள்ளங்கால்களை விளக்கொளியில் பார்த்து, காயமோ கொப்புளமோ இருந்தால் பெற்றோரிடம் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் பார்த்ததைக் கூற வேண்டும். சென்ற ஆண்டு ஒரு சிறுமி தன் பாட்டியின் குதிகாலில் பதிந்திருந்த ஆணியொன்றைக் கண்டு சொன்னாள். பாட்டி அதை உணர்ந்திருக்கவேயில்லை. உரிய நேரத்தில் மருத்துவம் பார்த்தார்கள். அந்தக் கால் பிழைத்தது.

'மாதா கேட்கவில்லையே' என்ற அந்த மனைவியின் சொல்லுக்கு விடை தேடிப் புறப்பட்டோம். அது விடை தேவைப்படாத சொல் என்பது இப்போது தெரிகிறது. மாதாவும் கேட்கவில்லை; அவருடைய மகனும் கேட்கவில்லை. அவர் நமக்காகத் தம் உடலைக் கையளித்தவர். அந்த உடலை நற்கருணையில் பெற்றுக்கொள்ளும் நாம், நம்மிடம் அவர் ஒப்படைத்த உடலை என்ன செய்தோம் என்று ஒருநாள் அவர் முன் சொல்லியாக வேண்டும். இன்றிரவு செபம் முடித்து உறங்கச் செல்லும் முன், நம் வீட்டு முதியவரின் பாதங்களை ஒருமுறை பார்த்துவிட்டுச் செல்வோம்.